கறுப்புக் குடையும் 21 நாள்களும்

ஈசூன், சிங்கப்பூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள சரோஜா,

இங்கே நலம். நீயும் ராகவனும் நலமாக இருப்பீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. பதில் எழுதாததற்கு என் முழங்கால், என் கண், தாமஸின் மாடித்தோட்டம் என்று மூன்று காரணங்களைத் தயாராக வைத்திருந்தேன். மூன்றில் ஒன்றையும் நீ நம்பப்போவதில்லை என்பதால் நேராகச் செய்திக்கு வருகிறேன். கயலுக்குக் கல்யாணம். அதை நான் அறிந்துகொண்ட விதத்தை உன்னிடம் சொன்னால்தான் என் மனம் ஆறும்.

சென்ற செவ்வாய்க்கிழமை இரவு நான் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலேயே கயல், "அம்மா, உங்கள் அடையாள அட்டை எண் என்ன?" என்று கேட்டாள். ஏதோ காப்புறுதிப் படிவம் என்று எண்ணி ஒப்பித்தேன். அட்டையில் உள்ளபடி முழுப்பெயரைக் கேட்டாள், அதையும் சொன்னேன். எதற்கடி இதெல்லாம் என்று பிறகுதான் கேட்கத் தோன்றியது. "திருமணப் பதிவகத்துக்கு அறிவிப்புக் கொடுக்கிறோம், நீங்கள்தான் முதல் சாட்சி" என்றாள், சந்தையில் தக்காளி விலை சொல்வதுபோல.

அருணை எனக்கு ஆறு ஆண்டுகளாகத் தெரியும். இருவரும் சேர்ந்து பிடிஓ வீட்டுக்கு, அதாவது விண்ணப்பித்தபின் அரசு கட்டித்தரும் அடுக்குமாடி வீட்டுக்கு, விண்ணப்பித்த அன்றே இது முடிவாகிவிட்டது; இவ்வூரில் பெண் கேட்பதே அப்படித்தான் என்று நீ இருந்த காலத்திலிருந்தே கேலி செய்வோமே. இப்போது சாவி கைக்கு வந்துவிட்டது. சாவி வாங்கிய 3 மாதங்களுக்குள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் திருமணச் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். ஆக, என் மகளின் முகூர்த்தத்தைக் குறித்துக் கொடுத்தது குருபலனும் இல்லை, பஞ்சாங்கமும் இல்லை, ஒரு சாவிக்கொத்து.

இரண்டாவது சாட்சி யார் என்று கேட்டேன். அருணுடன் வேலை பார்க்கும் ஒரு பையனாம்; நான் முகம்கூடப் பார்த்ததில்லை. அனுப்பும் பொத்தானின்மேல் அவள் விரல் இருந்தது. நான் நெத்திலிக் கையோடு எழுந்து, "அனுப்பாதே, பொறு" என்று கத்திவிட்டேன். அடுப்படிக்கு வந்த தாமஸ் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "வசந்தா, 1988இல் உன் அண்ணன் செய்ய நினைத்ததை நீயே செய்துவிட்டாயே" என்றார். சரோஜா, நினைத்துப் பார்த்தால் அது உண்மைதான். என் வீட்டுத் திருமண அறிவிப்புக்கு முதல் ஆட்சேபம் எழுப்பியவள் நானே.

அன்றிலிருந்து எனக்கு அந்த 21 நாள்களைத் தவிர வேறு நினைவே இல்லை. அப்போது அறிவிப்பைக் கொடுக்க ஃபோர்ட் கேனிங் குன்றேறிப் போக வேண்டும். கொடுத்தபின் அதன் நகலை எல்லாரும் பார்க்கும்படி அலுவலகத்தில் ஒட்டிவைப்பார்கள். 21 நாள்கள் கழியாமல் உரிமம் கிடையாது. 3 மாதங்களுக்குள் மணம் முடிக்காவிட்டால் அறிவிப்பு செல்லாது. இடையில் எவரும் பணம் கட்டி ஆட்சேப மனு போடலாம், அது தீரும்வரை பதிவாளர் உரிமம் தரமாட்டார். எனக்கு 24 வயது, யார் சம்மதமும் சட்டப்படி தேவையில்லை. ஆனாலும் என் பெயரும் தாமஸின் பெயரும் ஒரே தாளில் தட்டச்சாகிச் சுவரில் தொங்கியதைப் பார்த்தபோது, அண்ணனின் மோட்டார் சைக்கிள் சத்தம் குன்றின் கீழே கேட்பதுபோலவே இருந்தது. நீ தினமும் மதிய உணவு நேரத்தில் ஹில் ஸ்திரீட்டிலிருந்து ஏறி வந்து அந்தப் பலகைக்குக் காவல் நின்றாய். அண்ணன் தன் நண்பனுக்குச் சாட்சியாகக் கையெழுத்துப் போட உண்மையிலேயே வந்து நின்ற அன்று, கூரைக்குக் கீழே கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு பலகையை மறைத்து நீ நின்றதையும், "உள்ளே மழையா பெய்கிறது?" என்று காவலாளி அதட்டியதையும், அதற்கு நீ சொன்ன பதிலையும் தாமஸ் இன்றைக்கும் விருந்தாளிகளிடம் நடித்துக் காட்டுகிறார். உன் குரல் அவருக்குச் சரியாக வருவதில்லை.

ஆனால் குடைக்கதையைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த கயலுக்கு, அது எங்களுடைய இரண்டாவது அறிவிப்பு என்பது தெரியாது. முதல் அறிவிப்பை நான்தான் காலாவதியாக விட்டேன். அம்மாவுக்கு இரத்த அழுத்தம் ஏறி மருத்துவமனையில் கிடந்தார்கள். 21 நாள்கள் கடந்து, உரிமமும் கைக்கு வந்து, நான் ஒவ்வொரு வாரமும் தாமஸிடம் அடுத்த வாரம் என்று சொல்லிக்கொண்டே 3 மாதங்களையும் கழித்துவிட்டேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நீ பேசினாய். தேக்காவில் அந்தத் தோசைக் கடையில், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி பேசினாய். அன்று நீ திட்டியிராவிட்டால் கயல் இல்லை; இதை இத்தனை ஆண்டுகளில் உன்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை என்பது இப்போது எழுதும்போதுதான் உறைக்கிறது.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். நவீனும் எமிலியும் திருமணம் வேண்டாம், சிவில் பார்ட்னர்ஷிப் போதும் என்கிறார்கள், இது கல்யாணமா இல்லையா என்றே எனக்குப் புரியவில்லை என்று நீ அங்கலாய்த்திருந்தாய். அது திருமணம் என்ற பெயரில்லாமல் துணைவர்களாகச் சட்டப்படி பதிந்துகொள்வது; உங்கள் இங்கிலாந்தில் 2019 டிசம்பர் 31 முதல் ஆணும் பெண்ணும்கூட அப்படிப் பதிந்துகொள்ளலாம். வாயால் உறுதிமொழி சொல்லவேண்டியதில்லை, கையெழுத்திட்டால் போதும். மேடையில் இரண்டு வரி பேசச் சொன்னாலே வியர்த்துப்போகும் நவீனுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு உண்டா? தாலி கட்டவும் வாய் பேசத் தேவையில்லை என்று அவனிடம் சொல்லிப் பார். இங்கிலாந்தின் திருமணப் பதிவேட்டில் 2021 மே மாதம்வரை தந்தையின் பெயரை மட்டுமே எழுதிவந்தார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தால், பழைய ஏற்பாட்டின்மேல் எமிலிக்கு மனக்கசப்பு இருப்பதை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

நவீனின் புலம்பலை மட்டும் நான் ஏற்கமாட்டேன். இரண்டு பேரும் நேரில் போக வேண்டும், தனித்தனியே உட்கார வைத்துக் கேள்வி கேட்கிறார்கள், அதன்பின் 28 நாள்கள் காத்திருக்க வேண்டும், இது என்ன காட்டுமிராண்டிக் காலமா என்கிறானாம். எமிலியின் பிறந்தநாளை ஒரு நாள் தவறிச் சொன்னவன் அப்படித்தான் பேசுவான். தலைக்கு 42 பவுண்டு வாங்குகிறார்கள் என்றும் குறைபட்டிருந்தான். இங்கே சோடிக்கு 42 சிங்கப்பூர் வெள்ளி என்று சொல், இன்னும் கொதிக்கட்டும். தஞ்சாவூரில் என் சித்தி பேத்தி தனிச் சட்டப்படி பதிந்துகொள்ள 30 நாள்கள் காத்திருந்தாள். 1954இல் வந்த சிறப்புத் திருமணச் சட்டம் அது. அறிவிப்பை அலுவலகத்தில் ஒட்டிவைப்பார்கள், சாதி மாறி மணப்பவர்களுக்கு அந்த 30 நாள்கள் என்ன பாடு என்பது குடை பிடித்த உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டே அந்த அறிவிப்புக்கு நான் ஏன் வக்காலத்து வாங்குகிறேன் என்று கேட்பாய். எங்கள் சிலிகி சாலைப் பாட்டியை உனக்கு நினைவிருக்கும், வெற்றிலைக் கையால் உன் கன்னத்தைக் கிள்ளுவார்களே. அவர்களுக்கு 1938இல் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. மேளம் உண்டு, தாலி உண்டு, துறைமுகத்துச் சனம் முழுவதும் வந்து சாப்பிட்டது. போர் முடிந்து கப்பல் தபால் மறுபடி வரத் தொடங்கியபின் பட்டுக்கோட்டையிலிருந்து தாத்தாவுக்கு ஒரு கடிதம் வந்தது; எழுதியவள் அவருடைய முதல் மனைவி. அக்காலத்தில் அது குற்றமும் இல்லை. இந்து வழக்கப்படி இரண்டு பெண்களுமே மனைவிமார்தாம். 1961இல் மாதர் சாசனம் வந்தபின்தான் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒருவனுக்கு ஒருத்தி என்பது இங்கே சட்டமானது, பதிவும் கட்டாயமானது. பாட்டி கடைசிக் காலத்தில் ஒருநாள் சொன்னார்கள்: "கோயிலில் எல்லாரும் பார்த்தார்கள். ஒருத்தரும் கேட்கவில்லை." அந்தத் தாள் கேட்கிறது, சரோஜா. இவனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாளா, தெரிந்தவர்கள் இருந்தால் வந்து சொல்லுங்கள் என்று கேட்பதற்குத்தான் அது சுவரில் தொங்கியது. அண்ணன்மார்கள் வேட்டையாடுவதற்காக அதை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் பலகை என்று ஒன்று இருந்தால் அவர்களும் வந்து படிக்கத்தான் செய்வார்கள்.

இப்போது எல்லாம் கைப்பேசிக்குள். சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளத்தில் நுழைந்து, நாலு பக்கம் நிரப்பி, பணம் கட்டினால் முடிந்தது. பிறகு ஆவணங்களைக் காட்டிச் சத்தியப் பிரமாணம் கொடுத்தால் போதும். மறைக்க ஒரு பலகை இல்லாததால் நிம்மதி வரவேண்டும். எனக்கோ, நின்று படிக்க ஒரு பலகை இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. அவள் பெயரும் அவன் பெயரும் பக்கத்தில் பக்கத்தில் தட்டச்சாகித் தொங்குவதைப் பார்க்க நான் அந்தக் குன்றேறிப் போயிருப்பேன், இந்த முழங்காலோடு.

இதில் நான் கிளப்பிய குழப்பம் ஒன்றுண்டு. புதன்கிழமை காலையிலேயே கோயிலுக்கு ஓடினேன். ஓராண்டுக்கு முன்பே எல்லா முகூர்த்தங்களும் போய்விட்டன. யாரோ வேண்டாமென்று விட்ட ஒரே ஒரு வெள்ளிக்கிழமை இருந்தது, யோசிக்காமல் முன்பணம் கட்டிவிட்டேன். பதிவு முடியாமல் தாலி கட்ட விடமாட்டோம் என்று கோயில் அலுவலகத்தில் சொன்னார்கள். அன்று காலையிலேயே மண்டபத்தில் ஒரு சமாதான நீதிபதி முன்னிலையில் கையெழுத்திட்டுவிட்டு மணவறையில் ஏறலாம் என்று முடிவாயிற்று. பெருமையோடு வீட்டுக்கு வந்தால், கயல் விரல்விட்டு எண்ணிவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள். இன்றைக்கு அந்த நாளுக்கு 26 நாள்கள் இருக்கின்றன. இந்த வெள்ளிக்கிழமை தாண்டினால் 21 நாள்கள் கிடைக்காது, முகூர்த்தமும் முன்பணமும் போய்விடும். தாமஸ் அன்றிலிருந்து என்னைப் பதிவாளர் அம்மா என்று கூப்பிடுகிறார்.

அறிவிப்பு அனுப்பப்படாமல் கிடக்கிறது. இரண்டாவது சாட்சியின் பெயரை அழித்துவிட்டு வெற்றாக வைத்திருக்கிறாள். நான் கேட்கச் சொல்லவில்லை, "குடை ஆன்ட்டி வருவார்களா?" என்று அவளேதான் கேட்டாள். சாட்சிக்கு 21 வயது நிரம்பியிருந்தால் போதுமாம், அதில் உனக்குச் சிக்கல் இருக்காது. பயணச்சீட்டைப் பற்றிப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம். முதலில், கடவுச்சீட்டில் உள்ளபடி உன் முழுப்பெயரையும் கடவுச்சீட்டு எண்ணையும் வியாழக்கிழமை இரவுக்குள், எங்கள் ஊர் நேரப்படி, கயலுக்கு அனுப்பிவிடு. பெயரில் ராகவன் முன்னால் வருகிறாரா பின்னால் வருகிறாரா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்.

அன்புடன்,
வசந்தா