உறையாத ஏரியின் கணக்கு

நாகானோ, ஜப்பான்
ஜனவரி 28

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்களும் அம்மாவும் பாட்டியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். குளிர் ஒருவாறு பழகிவிட்டது. கம்பளிக் குல்லா இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ஏரியைப் படிக்கப் போனவன் கோயிலுக்கு ஏன் போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். தொலைபேசியில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

நான் ஆராயும் சுவா ஏரி, கடல்மட்டத்திலிருந்து 759 மீட்டர் உயரத்தில், மலைகளுக்கு நடுவே இருக்கிறது. கடுங்குளிரில் அது முழுவதும் உறைந்த பின், இரவில் பனிக்கட்டி சுருங்கி வெடிக்க, வெடிப்பில் ஏறிய நீரும் உறைந்துவிடும். பகலில் வெயில் பட்டுக் கட்டி விரியும்போது இடம் போதாமல் ஒன்றையொன்று முட்டி, கரையிலிருந்து கரைக்கு வயல் வரப்பைப் போல மேலெழும்பி நிற்கும். இதற்கு ‘ஓமிவதாரி’ என்று பெயர். தெய்வம் கடந்து போன தடம் என்று பொருள். தெற்கே கோயில் கொண்டிருக்கும் தகெமினகதா என்னும் தெய்வம், வடக்கே இருக்கும் தம் தேவியைக் காண ஏரியின் மேல் நடந்து போகிறாராம். தடம் ஓடும் போக்கைப் பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலைக் கணிப்பது வழக்கமாதலால், 1443 முதல் பூசாரிகள் அதை எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஏடுகள்தாம் இன்று எங்களுக்குத் தட்பவெப்பச் சான்று. 2016-இல் வெளியான ஓர் ஆய்வின்படி, 1443 முதல் 1700 வரை ஏரி உறையாத ஆண்டுகள் மூன்றே. 1955-க்கும் 2004-க்கும் இடையில் மட்டும் பன்னிரண்டு. வெப்பமானி இல்லாத காலத்தின் குளிரை நமக்கு அளந்து கொடுத்தது பக்தி என்பதை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆனால் நாங்கள் அவ்வேடுகளிலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு, விளைச்சல் குறியையும் வேண்டுதலையும் ஒதுக்கிவிடுகிறோம். எதற்காக எழுதினார்களோ அதையே கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்கிறோம் என்னும் உறுத்தல் எனக்கு உண்டு. வகுப்பில் இதைச் சொன்னேன், சிரித்தார்கள்.

இப்போதும் ஜனவரித் தொடக்கத்திலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை, நாள்தோறும் விடியுமுன் கோயிலைச் சேர்ந்தவர்கள் கரைக்கு வருகிறார்கள். போன வாரம் நானும் சென்றேன். ஒருவர் கயிற்றில் கட்டிய வெப்பமானியை நீரில் இறக்கினார். கரையோரம் மட்டும் அப்பளம் போல மெல்லிய பனிக்கட்டிப் படலம் படிந்திருந்தது. அலை தொடும்போதெல்லாம் வளையல்கள் உரசுவது போன்ற ஓசை எழுந்தது. ஒரு பெரியவர் அதில் ஒரு சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய கையுறையிலேயே அது கரைந்து போயிற்று. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அளவை எழுதிக்கொண்டு கலைந்தார்கள். கடைசியாகத் தடம் எழுந்தது 2018-இல். உறையாமற் போன ஆண்டை ‘அகெ நோ உமி’, அதாவது திறந்த கடல், என்று ஏட்டில் குறிக்கிறார்கள். தெய்வம் நடக்க வழியில்லை என்றாலும் வழி பார்ப்பதை அவர்கள் நிறுத்தவில்லை.

கரையிலிருந்து திரும்பும்போது தாத்தாவின் மழை நோட்டு நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு மழைக்கும் எத்தனை உழவு ஈரம் என்று எழுதுவாரே, அதுதான். காவிரியில் தண்ணீர் வராத ஓர் ஆண்டில், ‘ஆடி 18. ஆற்றில் நீர் இல்லை. அடிபம்பில் பிடித்துப் படைத்தோம்’ என்று அதில் எழுதியிருந்தது. சிறுவயதில் அதைப் படித்துவிட்டு, தண்ணீரே இல்லாமல் பெருக்கு எதற்கு என்று கேட்டதற்குப் பாட்டி என்னைக் கடிந்துகொண்டார். இப்போது கேட்க மாட்டேன்.

அந்த நோட்டு பரண்மேல் பழைய டிரங்குப் பெட்டியில் இருக்கும். கரையான் ஏறாமல் இருந்தால், பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புங்கள் அப்பா. மழைக் கணக்கு மட்டும் போதாது; ஓரத்தில் அவர் கிறுக்கி வைத்திருப்பவையும் தெளிவாக விழ வேண்டும்.

தங்கள் அன்பு மகன்