பேய்ப் படங்களுக்குப் பணம்தான் குறையா?

ஆசிரியருக்கு,

சிறு பட்ஜெட் பேய்ப் படங்கள் வந்த வாரமே தியேட்டரை விட்டுப் போய்விட்டால், உடனே பணப் பற்றாக்குறையைக் காரணம் சொல்கிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. 2012இல் வந்த ‘பீட்சா’வும் சிறு பட்ஜெட் படம்தான். ஒரு பங்களா, ஒரு டார்ச் லைட், உள்ளே தனியாக மாட்டிக்கொண்ட விஜய் சேதுபதி. வெளிச்சம் படாத மூலையில் என்ன இருக்கிறதோ என்றுதான் நாம் நடுங்கினோம். 2015இல் ‘டிமான்ட்டி காலனி’ பெரும்பகுதிக் கதையை ஒரே அறைக்குள் நடத்திக் காட்டியது.

இன்று வரும் பல படங்களில் ஆரம்பத்திலேயே பேய் முழு முகத்தையும் காட்டிவிடுகிறது, அதுவும் மலிவான கிராபிக்ஸில். கதவு திறந்தால் காதைக் கிழிக்கும் சத்தம், பூனை குதித்தால் இன்னொரு சத்தம். மூன்றாவது முறை யாரும் திடுக்கிடுவதில்லை. பயம் ஏற அமைதி வேண்டும், அதற்குச் செலவே கிடையாது. அப்புறம், இடைவேளைக்குப் பிறகு அதே பழிவாங்கும் ஃபிளாஷ்பேக். செத்துப்போன பெண் யார், எப்படி வாழ்ந்தாள் என்பதே மனதில் பதியாதபோது அவள் கோபம் நமக்கு எப்படி உறைக்கும்?

புது இயக்குநர்களே, கிராபிக்ஸுக்கு ஒதுக்கும் தொகையில் பாதியையாவது நல்ல ஒலி வடிவமைப்பாளருக்குக் கொடுங்கள்.

– ஒரு வாசகர், மதுரை