எங்கள் மாமிக்காக வந்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

கனடாவின் மனிட்டோபா மாகாணத்தில், அல்டோனா அருகே ஒரு பண்ணையில் பிறந்து அதே சமவெளியில் 96 ஆண்டுகள் வாழ்ந்த எங்கள் மாமி, கடந்த மார்ச் மாதம் ஒரு விடியற்காலையில் உறக்கத்திலேயே விடைபெற்றார். ஆங்கிலத்தில் நன்றி சொல்லும் கடமையை அவருடைய பிள்ளைகள் செய்துவிட்டார்கள். தமிழில் எழுதும் உரிமை மருமகளான எனக்கு உரியது. வினிபெக்கிலிருந்து பனிப்பாதையில் நூறு கிலோமீட்டர் காரோட்டி வந்து, முன்பின் அறியாத, மெனனைட் எனும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் கட்டிலருகே அமர்ந்திருந்தீர்களே, அவர் யார் என்று அப்போது உங்களுக்குச் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

மாமியின் பெற்றோர் உக்ரைனில் மோலோச்னா என்ற மெனனைட் குடியேற்றத்தைச் சேர்ந்தவர்கள். ஆயுதம் ஏந்துவதில்லை என்பது அவர்களுடைய சமயத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. ரஷ்யப் புரட்சியை அடுத்து வந்த உள்நாட்டுப் போர் அந்தக் கிராமங்களைச் சூறையாடியது. அதன் பின்னால் பஞ்சம் வந்தது. வட அமெரிக்காவில் இருந்த மெனனைட் மக்கள் 1920இல் மெனனைட் மத்தியக் குழு என்ற நிவாரண அமைப்பைத் தொடங்கி, 1922இல் அங்கே சமையற்கூடங்கள் நடத்தினார்கள். மாமியின் தாய் அந்த வரிசையில் தட்டோடு நின்றவர். கனடாவுக்கு வரக் கையில் காசில்லை. கனடிய பசிபிக் ரயில்வே நிறுவனம் ஆயிரக்கணக்கானோரைக் கடனுக்கு ஏற்றிவந்தது. அந்தப் பயணக் கடன் முழுவதும் தீர 1946 ஆகிவிட்டது. தம் பங்கைக் கட்டி முடித்தவர்களும் கட்ட முடியாதவர்களுக்காகத் தொடர்ந்து கொடுத்தார்கள். மாமி பதினாறு வயதில் வினிபெக்கில் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்ததும் அந்தக் கடனுக்காகத்தான். வியாழக்கிழமை பிற்பகல் மட்டும் விடுமுறை. அன்று மெனனைட் பெண்களுக்கான விடுதிக்குப் போய்த் தம் மொழியில் பேசிவிட்டு வருவாராம். எழுபது ஆண்டுகள் கழித்தும் வியாழன் என்றால் அவர் முகம் மலரும்.

பிறகு திருமணம், ஏழு பிள்ளைகள், பசுக்கள், கோழிகள், சூரியகாந்தி வயல். பின்பனிக்காலம் முடிந்ததும் தோட்டத்தில் இறங்கினால் உறைபனி திரும்பி வரும்வரை அவருக்கு ஓய்வில்லை.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து 1987இல் வந்தவள். அவருடைய இரண்டாவது மகன் என்னை முதன்முதலாக வீட்டுக்கு அழைத்துச் சென்ற நாளில், போரைப் பற்றியோ என் சமயத்தைப் பற்றியோ மாமி ஒரு வார்த்தை கேட்கவில்லை. “வரும் வழியில் என்ன சாப்பிட்டாய்?” என்றார். நான் விமானப் பயணத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கேட்டது வினிபெக்கிலிருந்து வந்த வழியை அல்ல, நாட்டைவிட்டு வந்த வழியை என்று சற்றுத் தாமதமாகவே புரிந்தது. உள்ளே போய் ஒரு தட்டு ட்ஸ்வீபாக் எடுத்துவந்தார். பெரிய மா உருண்டையின் மேல் சின்ன உருண்டை ஒன்றை அழுத்திச் சுடும் பணிஸ் அது. அதை மீண்டும் வாட்டி, மூட்டைகளில் கட்டித்தான் அவருடைய பெற்றோர் ரயிலேறினார்களாம். இடம்பெயரும்போது அம்மா கட்டிக்கொண்டுவந்த பொரிவிளாங்காய் உருண்டைகளை நான் அவருக்குச் சொன்னேன். அன்றிலிருந்து எங்களுக்குள் மொழி ஒரு தடையாக இருந்ததில்லை.

கொடுக்கத் தெரிந்த அவருக்கு வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. 1972இல் அல்டோனாவில் நான்கு பெண்கள் தொடங்கிய மெனனைட் மத்தியக் குழுவின் நன்கொடையாக வந்த பழைய பொருள்களை விற்கும் முதல் கடையில் அவர் முப்பது ஆண்டுகளுக்கு மேல் துணிகளைத் தரம் பிரித்தார். ஊரில் யார் வீட்டில் சாவு நேர்ந்தாலும் அவருடைய அடுப்பு முதலில் எரியும். அப்படிப்பட்டவர் இடுப்பெலும்பு முறிந்து விழுந்தபின், முதல் மூன்று மாதங்கள் ஒவ்வொரு உதவிக்கும் மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்பைக் கேட்கக் கேட்க எங்களுக்கு நெஞ்சு வலித்தது.

அதை நிறுத்தியவர் பராமரிப்பு இல்லத்தின் இரவுநேரப் பணியாளர். மாமியின் ஆங்கிலம் மெல்ல மெல்ல உதிர்ந்துகொண்டிருந்த காலம் அது. பிள்ளைகளுக்கே பிளாட்டீச் எனும் தாழ்ஜெர்மன் அரைகுறை. அந்தப் பெண்ணோ மெக்சிகோவின் மெனனைட் குடியிருப்பில் பிறந்தவர். குளிப்பாட்டும்போது அதே மொழியில் கோழிகளைப் பற்றியும் சதகுப்பை எனும் டில் இலை போட்ட ஊறுகாயைப் பற்றியும் பேசுவார். மாமி மன்னிப்புக் கேட்பதை மறந்து, உப்பின் அளவைத் திருத்தத் தொடங்கினார். சகோதரி, உங்களுக்கு எங்கள் குடும்பம் வாழ்நாள் முழுவதும் கடன்பட்டிருக்கிறது.

ஞாயிறு மாலைகளில் வாத்தியம் எதுவுமின்றி நான்கு குரல்களில் பழைய ஜெர்மன் பாடல்களைப் பாடிய தேவாலய நண்பர்களுக்கும், வாசற்பாதையில் பனி விழுந்தபோதெல்லாம் நாங்கள் எழுமுன் டிராக்டரால் தள்ளிவிட்டுப் போன அயலவருக்கும் நன்றி.

தமிழ் உறவுகளே, உங்கள் இடியப்பமும் மிளகாய் போடாத சொதியும் மாமி விரும்பி உண்ட கடைசி உணவுகள். அவருக்குத் தெரிந்த தமிழ்ச் சொற்கள் இரண்டு: “சாப்பிடு”, “போதும்”. முன்னதை எங்களுக்குச் சொல்லிச் சொல்லியே வாழ்ந்தார். பின்னதை உங்களில் ஒருவர் கரண்டியால் ஊட்டியபோது, சிரித்துக்கொண்டே சொன்னார்.

இறுதிச்சடங்கில் அவருடைய வாழ்க்கை வரலாற்றை மூத்த மகள் வாசித்தார். அது மெனனைட் மக்களின் வழக்கம். நம் ஊரில் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு எனும் நினைவு நூலை வெளியிடுவதுபோல என்று எனக்குத் தோன்றியது. பின்னர் நிலவறை மண்டபத்தில் பணிஸ், பாலாடைக்கட்டி, ஊறுகாய், காப்பி, பக்கத்தில் சீனிக்கட்டிகள். அத்தனை பணிஸையும் சுட்டவர்கள், ஒருகாலத்தில் மாமியிடம் மா பிசையக் கற்ற பெண்கள்.

அவர் பாதியில் விட்ட ஒட்டுத்துணிப் போர்வையையும் அவர்களே தைத்து முடித்து, நிவாரணப் பொதிகளோடு அனுப்பிவிட்டார்கள்.

உங்கள் பாத்திரங்களில் அடியில் பெயர் ஒட்டியவற்றைத் திருப்பித் தந்துவிட்டோம். பெயரில்லாத மூன்று இன்னும் சமையலறையில் இருக்கின்றன: நீலப் பூப்போட்ட கண்ணாடித் தட்டு, மூடியுள்ள எவர்சில்வர் சட்டி, ஓர் இடியப்பத் தட்டு. உரியவர்கள் தயவுசெய்து வாருங்கள். வெறும் பாத்திரமாகக் கொடுத்தனுப்ப மாட்டேன். ட்ஸ்வீபாக் சுட்டு வைத்திருப்பேன்.

நன்றியுடன்,
பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள் சார்பில்
மருமகள்