ஜூனில் பள்ளி என்றைக்குத் திறக்கும்? ஏப்ரல் முதல் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை முடிந்து பள்ளி ஜூன் 2இல் திறந்தாலும் சரி, 12இல் திறந்தாலும் சரி, எங்களுக்கு அது இரண்டாம்பட்சம்தான். சொன்ன தேதி கடைசி நேரத்தில் நகர்வதுதான் குடும்பங்களை அலைக்கழிக்கிறது.

2023ஐ எடுத்துக்கொள்வோம். முதலில் பெரிய வகுப்புகளுக்கு ஜூன் 1, சின்ன வகுப்புகளுக்கு ஜூன் 5 என்றிருந்தது. வெயில் தணியவில்லை என்று எல்லோருக்கும் ஜூன் 7 ஆயிற்று. திறக்க இரண்டே நாள் இருக்கையில், ஜூன் 5ஆம் தேதி, மறுபடி அறிவிப்பு: ஆறு முதல் பன்னிரண்டு வரை 12ஆம் தேதி, ஒன்று முதல் ஐந்து வரை 14ஆம் தேதி. அடுத்த ஆண்டும் ஜூன் 6 என்றது 10க்குப் போனது.

சொந்த ஊரிலிருந்து சென்னைக்கும் கோவைக்கும் திரும்புகிறவர்கள் அந்த 5ஆம் தேதி என்ன செய்திருக்க முடியும் என்று பாருங்கள். கையில் 6ஆம் தேதி இரவு ரயில் டிக்கெட். கன்ஃபர்ம் ஆன ஸ்லீப்பர் டிக்கெட்டை 48 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்திருந்தால் ஆளுக்கு 120 ரூபாயோடு போயிருக்கும். 48 மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் கட்டணத்தில் கால் பங்கு, 12 மணி நேரத்துக்குள் பாதி, 4 மணி நேரத்துக்குள் ஒரு பைசா திரும்பாது. அன்றைய விதி அது. காசு போனாலும் போகட்டும் என்று ரத்து செய்தவருக்கு 11ஆம் தேதி ஞாயிறு இரவுக்கு டிக்கெட்? தட்கல், இல்லையென்றால் ஆம்னி பஸ். பள்ளி திறப்புக்கு முந்தைய ஞாயிறன்று ஆம்னி பஸ் கட்டணம் எங்கே நிற்கும் என்பது போக்குவரத்துத் துறைக்கு நன்றாகவே தெரியும்.

2024 நவம்பரிலிருந்து ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது. ஒருவிதத்தில் இது உங்களுக்கு வசதி. ஜூன் 1 பயணத்துக்கு ஏப்ரல் 2 காலை 8 மணிக்குத்தான் முன்பதிவு திறக்கும். ஏப்ரல் 1க்குள் தேதியைச் சொல்லிவிட்டால் போதும், நெல்லை எக்ஸ்பிரஸிலோ முத்துநகர் எக்ஸ்பிரஸிலோ நான்கு பெர்த் பிடித்துவிடுவோம்.

வெயிலை நாங்கள் மறுக்கவில்லை. அக்னி நட்சத்திரம் மே 28 வாக்கில் முடிந்தாலும் வேலூரிலும் திருத்தணியிலும் ஜூன் முதல் வாரம் அனலடிக்கிற ஆண்டுகள் உண்டு. ஆனால் அதே வாரம் கூடலூரிலும் வால்பாறையிலும் தென்மேற்குப் பருவமழைக் காலம் தொடங்கிவிடுகிறது. வேலூர் வெயிலுக்காகக் கூடலூர் பள்ளியையும் மூடினால், மழை வலுத்ததும் ஆட்சியர் விடும் விடுமுறையையும் சேர்த்து அந்தப் பிள்ளைகளுக்கு இரட்டை இழப்பு. எனவே மே 20க்குப் பிறகு மாநிலத் தேதியைத் தொட வேண்டாம். அதற்கு மேலும் சுட்டெரித்தால் அந்த மாவட்டத்தில் மட்டும் நேரத்தை மாற்றலாம். மாற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். அரை நாள் பள்ளி என்று சொல்லி பன்னிரண்டரை மணி வெயிலில் பிள்ளைகளை நடக்கவிட்டால் நோக்கமே கெட்டுவிடும். எட்டு மணிக்கு வகுப்பு, மதியச் சாப்பாடு, பிறகு பஸ் வரும்வரை வகுப்பறையிலேயே இருக்கட்டும். டவுன் பஸ் டிப்போவுக்கும் முந்தின நாளே தகவல் போக வேண்டும்; இல்லாவிட்டால் எட்டு மணி வகுப்புக்குப் பிள்ளை ஒன்பதரைக்கு வந்து நிற்கும்.

தொடக்க வகுப்புகளுக்குத் தனித் தேதி வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. 2025இல் வெயிலைக் காரணம் காட்டி ஒன்று முதல் ஐந்து வரை ஆண்டுத் தேர்வை முன்னுக்குக் கொண்டுவந்து ஏப்ரல் 17இல் முடித்தீர்கள். பெரிய வகுப்புகளுக்கு அதன் பிறகும் தேர்வு நடந்தது. மூன்றாம் வகுப்புத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிவருவது பல வீடுகளில் ஏழாம் வகுப்பு அக்காதான். அவள் பள்ளியில், அம்மா பனியன் கம்பெனியில், அவன் பூட்டிய வீட்டு வாசலில். சோற்றுக் கணக்கும் உண்டு. காலை உணவு, மதிய உணவு இரண்டும் பள்ளியில் சாப்பிடுகிற பிள்ளைக்கு ஐந்து வேலை நாள் தள்ளினால் பத்து வேளை போய்விடுகிறது. தேதி தள்ளியே ஆக வேண்டுமென்றால், கொரோனா காலத்தில் அரிசியும் பருப்பும் முட்டையும் கையில் கொடுத்தீர்களே, அதுபோல அந்த நாள்களுக்கும் கொடுத்துவிடுங்கள்.

விட்டுப்போன நாள்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுவதில் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு வருத்தமில்லை, உண்மையைச் சொன்னால் நிம்மதிதான். எந்தெந்தச் சனி என்பதை ஜூனிலேயே நாட்காட்டியில் அச்சடித்துவிட்டால் வெள்ளி மாலை வாட்ஸ்அப்பில் வரும் அறிவிப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக, கடலோரம். கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். ஜூன் முதல் வாரம் பள்ளி திறக்கும்போது விசைப்படகுத் தொழிலாளி வீட்டில் ஒன்றரை மாதமாக வருமானமில்லை. நிவாரணம் 8,000 ரூபாய், இரண்டு மாதச் சோற்றுக்கே இழுத்துப் பிடிக்க வேண்டும். அரசுப் பள்ளியில் புத்தகமும், எட்டாம் வகுப்பு வரை சீருடையும் இலவசம் என்றாலும் வேறு செலவு வரத்தான் செய்கிறது. தனியார் பள்ளி என்றால் முதல் தவணைக் கட்டணம் வேறு. படகு இறங்கி, மீன்பாடு கிடைத்து, டீசல் கடனும் ஐஸ் கடனும் கழித்துப் பங்கு கைக்கு வர ஜூலை பிறந்துவிடும். கன்னியாகுமரி மேற்குக் கரையில் கதை தலைகீழ்: தடை ஜூன் 1இல் தொடங்கி ஜூலை 31இல் முடிகிறது. பள்ளி திறப்பும் வருமானம் நிற்பதும் ஒரே வாரம்.

இந்த ஊர்களுக்காகப் பள்ளி திறக்கும் தேதியை மாற்றச் சொல்லவில்லை. கட்டணத் தேதியை மாற்றுங்கள். கிழக்குக் கரைப் பள்ளிகளில் முதல் தவணைக்கு ஜூலை 31 வரையும், குமரி மேற்குக் கரையில் ஆகஸ்ட் 31 வரையும் அவகாசம். அதுவரை கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தக் கூடாது. இதை ஒரு சுற்றறிக்கையாக, பள்ளி திறக்கும் தேதியை அறிவிக்கும் அதே நாளில், முதன்மைக் கல்வி அலுவலர்கள் வழியாக அனுப்புங்கள். ஜூன் பத்தாம் தேதி வந்தால் பயனில்லை. அதற்குள் வட்டிக்கு வாங்கிக் கட்டியிருப்பார்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுக்களில் இருக்கும் பெற்றோர், ஆசிரியர் சிலர்