நத்தாருக்குப் பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவழிப்பது? மொன்றியல் நண்பனுக்கு ஒரு கடிதம்

ஸ்காபரோ,
கார்த்திகை 2025

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. உன் மூத்தவள் செஜெப் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள் என்று வாசித்ததும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். பிரெஞ்சில் படித்து அந்தளவு புள்ளி எடுப்பது லேசான காரியமில்லை. என் வாழ்த்தைச் சொல்லு. இங்கே எல்லோரும் சுகம். மனிசியின் முழங்கால் நோ குறைந்திருக்கிறது. எனக்கு இரவு வேலை மாறிப் பகல் வேலை கிடைத்துவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு பிள்ளைக்கு நத்தாருக்கு எவ்வளவு செலவழிக்கிறாய், ஒளிக்காமல் சொல்லு என்று எழுதியிருந்தாய். இந்த வருடம் ஒரு பிள்ளைக்கு 150 டொலர், வரியும் சேர்த்து. தை மாதம் கடனட்டைக் கணக்கு வரும்போது ஒரே தடவையில் முழுதாகக் கட்டி முடிக்கக்கூடிய தொகை எங்களுக்கு அவ்வளவுதான். வேறு ஒரு கணக்கும் பார்க்கவில்லை. இன்னொரு வீட்டுக்கு அது 50 ஆக இருக்கலாம், 400 ஆகவும் இருக்கலாம்.

உன் இளையவன் கேட்கிற சுவிட்ச் 2 வீடியோ விளையாட்டுக் கருவி பற்றி யோசித்துப் பார்த்தேன். அதன் விலை 629 டொலர் 99 சதம். கியூபெக் வரியும் சேர்ந்தால் 720ஐத் தாண்டும். அதற்கு மேல் விளையாட்டுகளைத் தனியாக வாங்க வேண்டும். தம்பிக்கு அது வந்தால் அக்காவுக்கும் அதற்கேற்ற மாதிரி ஏதாவது வாங்க வேண்டும் என்று மனம் சொல்லும். மெல்ல மெல்ல 1,500 டொலரில் வந்து நிற்கும். அதைக் கடனட்டையில் போட்டுவிட்டு, 20 வீத வட்டியில் தையிலிருந்து மாதம் 150 டொலராகக் கட்டினால், கட்டி முடிய அடுத்த கார்த்திகை ஆகிவிடும். வட்டி மட்டும் 150 டொலர் அளவில் போகும். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளையின் முழுப் பரிசுக் காசு அது. கடைகளே கொடுக்கிற அட்டைகளில் வட்டி இன்னும் கூட, பலவற்றில் 30 வீதத்துக்குக் கிட்ட.

என்னோடு வேலை செய்கிற ஒருவர் போன வருடம் மார்கழியில் சீட்டுக் காசைப் பெரிய கழிவு விட்டு முன்கூட்டியே கூறி எடுத்தார். மூன்று பிள்ளைகள். எல்லோருக்கும் கேட்டதெல்லாம் வாங்கிக் கொடுத்தார். பிறகு சீட்டுக் காசு கட்டச் சித்திரை வரைக்கும் சனி, ஞாயிறு ஓவர்டைம். அவர் மாசி மாதத்தில் சாப்பாட்டு இடைவேளையில் மேசையிலே தலை வைத்து நித்திரை கொண்டதைப் பார்த்தபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. நல்ல மனிதர், பிள்ளைகளில் உயிரையே வைத்திருப்பவர்.

ஏன் எங்கள் ஆட்கள் இப்படிச் செய்கிறோம் என்று நான் நிறைய யோசிக்கிறேன். உனக்குத் தெரியாததில்லை. யாழ்ப்பாணத்தில், பாசையூரில் நாங்கள் வளர்ந்த காலத்தில் நத்தார் என்றால் புதுச் சட்டை, பலகாரம், சாமப் பூசை. பரிசு என்று தாள் சுற்றி ஒன்றும் வந்ததில்லை. போர்க்காலத்தில் அரசாங்கம் போட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியே இருந்தது; விளையாட்டுக் கார் கிடைத்திருந்தாலும் அதை ஓட்டியிருக்க முடியாது. வானொலி கேட்கவே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றினோம். பாலன் குடிலுக்குச் சிக்கன விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய் அளந்துதான். 1995 ஐப்பசியில் சண்டையால் ஊரே எழும்பிப் போனது, அந்த வருட நத்தார் தென்மராட்சியில் யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில். அப்படி வந்த எங்களுக்கு இங்கே ஒரு கடைக்குள் போய் நின்றால் கை தானாக நீள்கிறது. பிள்ளை கேட்டதை வாங்கும்போது பன்னிரண்டு வயதில் ஒன்றும் கிடைக்காத அந்தப் பொடியனுக்கும் சேர்த்துத்தான் வாங்குகிறோம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, மச்சான். ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இல்லை. அவர்கள் கேட்பது ஒரு விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான். அதைக் கொடுக்க முடியாது என்று சொன்னால் கொஞ்சம் முகம் வாடும், பிறகு சரியாகிவிடும். எங்களுக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கப் போவதில்லை.

இன்னொரு விஷயம், இதை நீ கட்டாயம் உன் வீட்டில் கதைக்க வேண்டும். மனிசி இப்போது இங்கே ஒரு பாடசாலையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை செய்கிறாள். போன தை மாதம் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பிய முதல் நாள், எல்லோரும் நத்தார் தாத்தா என்ன கொண்டுவந்தார் என்று கதைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருவனுக்கு ஐபாட். இன்னொருத்திக்குச் சைக்கிள். நாட்டுக்கு வந்து ஒரு வருடமும் ஆகாத குடும்பத்துச் சின்னப் பெடியன் ஒருவன் தனக்குத் தொப்பியும் கையுறையும் கிடைத்தன என்று சொல்லிவிட்டு, மனிசியிடம் வந்து, நான் குழப்படி செய்தேனா என்று கேட்டிருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லும்போது அழுதாள்.

அன்றைக்கே இருவரும் பேசி முடிவெடுத்தோம். எங்கள் வீட்டில் நத்தார் தாத்தா கொண்டுவருவது சின்னச் சாமான்தான்: ஒரு புத்தகம், ஒரு புதிர்ப்பெட்டி, கொஞ்சம் சொக்லேற். விலை கூடியது ஏதாவது இருந்தால் அதில் அம்மா, அப்பா என்று பெயர் எழுதியிருக்கும். உழைத்து வாங்கியது யார் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். பாடசாலையில் போய்ச் சொல்லும்போதும், அப்பா வாங்கித் தந்தார் என்று சொன்னால் பக்கத்திலிருக்கிற பிள்ளை தன்னை ஒரு கெட்ட பிள்ளை என்று நினைக்காது. உங்கள் தெருவிலும் அகதிக் கோரிக்கை முடிவுக்காகக் காத்திருக்கிற குடும்பங்கள் நிறைய இருக்கும், யோசித்துப் பார்.

இந்த நகரத்தில் 1906 இலிருந்து ஒரு நல்ல வேலை நடக்கிறது. ரொறன்ரோ ஸ்டார் பத்திரிகையின் சாண்டா குளோஸ் நிதி. முதல் வருடம் 300 பிள்ளைகளுக்குக் கொடுத்துத் தொடங்கினார்களாம். இப்போது வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயிரக்கணக்கில் பெட்டிகள் போகின்றன. உள்ளே ஒரு சூடான மேற்சட்டை, தொப்பி, கையுறை, காலுறை, ஒரு புத்தகம், ஒரு விளையாட்டுச் சாமான், கொஞ்சம் இனிப்பு. எங்கள் பிள்ளைகளும் தங்கள் உண்டியலில் இருந்து இந்த முறை கொஞ்சம் கொடுக்கப் போகிறார்கள்.

உங்கள் மாகாணம் ஒரு விஷயத்தில் எங்களைவிட முன்னுக்கு நிற்கிறது, அதை நீ கவனித்திருப்பாயோ தெரியாது. 1980 இலிருந்து கியூபெக்கில் 13 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் குறிவைத்து வியாபார விளம்பரம் செய்யக்கூடாது. இர்வின் ரோய் என்ற விளையாட்டுச் சாமான் கம்பனி அதை எதிர்த்து வழக்குப் போட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989இல் ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். விளம்பரத்தின் சூட்சுமத்தைப் புரிந்துகொள்ளும் வயது பிள்ளைகளுக்கு இல்லை, அவர்களைக் காப்பது அரசின் வேலை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். எனக்கு அந்தத் தீர்ப்பில் பெரிய மதிப்பு. ஆனாலும் உன் இளையவனுக்கு சுவிட்ச் 2 பற்றி எல்லாம் தெரிகிறது, ஏனென்றால் அவன் பார்ப்பது தொலைக்காட்சி இல்லை, யூடியூப். எங்கோ ஒரு நாட்டுப் பிள்ளை பெட்டியைத் திறந்து திறந்து காட்டுகிறது, அது விளம்பரமா விளையாட்டா என்று பெரியவர்களுக்கே பிடிபடுவதில்லை. இங்கே கார்த்திகை தொடங்கியதும் அந்தக் காணொளிகளை வீட்டில் குறைத்துவிட்டோம். பிள்ளைகள் எழுதுகிற பட்டியலும் குறைந்துவிட்டது.

காசு விஷயத்தைப் பிள்ளைகளுக்கு நேரடியாகச் சொல்லலாம், மச்சான். பத்து வயதுப் பிள்ளைக்குக் கணக்கு விளங்கும். இந்த மாத ஆரம்பத்திலேயே எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரையும் இருத்தி, உங்களுக்கு ஆளுக்கு 150 டொலர் இருக்கிறது, இதற்குள் யோசியுங்கள் என்று சொன்னோம். மகள் உடனே கடைகளின் விலைத் தாள்களை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். 13 வீத வரியை அவளே கூட்டிப் பார்க்கிறாள். மகன் லெகோ ஒன்று 220 டொலர் என்றான். மிச்சத்தைத் தன் பிறந்தநாள் காசில் போடுகிறேன் என்றும் சொன்னான். சரி என்றோம். உன் பெடியனிடமும் கேட்டுப்பார். நீ போடுவது இவ்வளவு, பிறந்தநாளுக்கும் சேர்த்து இவ்வளவு, மிச்சத்தை அவன் சேர்க்கட்டும், வரும் ஆவணியில் வாங்கலாம் என்று சொன்னால் அவன் ஒத்துக்கொள்வான் என்றுதான் நினைக்கிறேன். அல்லது பாவித்த பழைய சுவிட்ச் ஒன்று நல்ல நிலையில் இதைவிடக் குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் செய்யாதே. ஊருக்கு அனுப்பும் காசில் கை வைக்காதே. மார்கழியில் உன் அக்காவின் பிள்ளைகளுக்கு நீ வழமையாக அனுப்புகிற 200 டொலரில் அங்கே மூன்று பேருக்குச் சட்டை, சப்பாத்து, தை மாதம் பாடசாலை தொடங்கும்போது கொப்பிகள் எல்லாம் வருகிறது. இங்கே அந்தக் காசுக்கு வருவது ஒரு சின்னப் பரிசுப் பெட்டிதான். இதையும் இளையவனுக்குச் சொல்லு, அவனுக்கு மச்சாள்மாரைத் தெரியும்தானே, கடைசியாகப் போனபோது கிணற்றடியில் அவர்களோடு விளையாடியவன்தானே.

பிள்ளைகளுக்காக அரசாங்கம் மாதாமாதம் தருகிற சைல்ட் பெனிபிட் காசு மார்கழியில் வழக்கமான 20ஆம் திகதிக்கு முன்னரே வரும். அதை நத்தார்க் காசு என்று நினைத்துவிட வேண்டாம். அடுத்த காசு வர தை 20 ஆகும், இடையில் ஐந்து கிழமைக்கு மேல் இருக்கிறது, குளிர்காலக் கறண்ட் பில்லும் அதற்குள்தான் வரும்.

நத்தாருக்கு மறுநாள் எனக்கு விடுமுறை. 27 சனிக்கிழமை விடிய இங்கிருந்து வெளிக்கிட்டால் மத்தியானத்துக்குள் உங்கள் வீட்டில் நிற்கலாம். பனி கொட்டாவிட்டால் வருகிறோம். பிள்ளைகளுக்குப் பரிசு ஒன்றும் வாங்கி வைக்காதே, நாங்களும் கொண்டுவர மாட்டோம். மனிசி பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டு வருவாள். அம்மா இன்னும் றோல்ஸ் செய்கிறாவா? செய்கிறா என்றால் எனக்கு ஆறு வேண்டும். இளையவன் என்ன சொன்னான் என்பதை மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் பாசையூர் நண்பன்