எண்பது சென்டெசிமிக்கு

அன்புள்ள மகளுக்கு,

டூரினிலிருந்து மிலான் போகிற ரயில் வெர்செல்லியில் நிற்கும் என்று போனில் சொன்னாயே, அப்போதிருந்து இதை எழுத நினைத்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த முறை அந்த ஊரில் இறங்கு. போர்கோஞ்ஞா மியூசியத்தில் இத்தாலிய ஓவியர் ஆஞ்செலோ மொர்பெல்லி 1895இல் வரைந்து முடித்த எண்ணெய் ஓவியம் ஒன்று இருக்கிறது. தலைப்பு ‘எண்பது சென்டெசிமிக்கு!’

படத்தில் இருப்பது நெல் வயல். மொந்தீனே என்று அங்கே சொல்லப்படும் களையெடுக்கும் பெண்கள் தண்ணீருக்குள் வரிசையாகக் குனிந்திருக்கிறார்கள். ஓவியர் அவர்களுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். அதனால் நமக்குக் கிடைப்பது முதுகும், தூக்கிச் செருகிய பாவாடையும், கால்களும்தான். முதல் பார்வைக்கு ரொம்ப அழகாக இருக்கும். இளம்பச்சைப் பயிர், அதற்கிடையே தண்ணீரில் அந்தப் பாவாடைகளின் நிறம். சரி, இப்போது தலைப்பைப் படி. அன்றைய இத்தாலிக் காசில் நூறு சென்டெசிமி சேர்ந்தால்தான் ஒரு லிரா. அவர்களுடைய நாள் கூலி அந்த ஒரு லிராகூட இல்லை. அந்த ஆச்சரியக்குறியில் எனக்குக் கோபம்தான் கேட்கிறது. தலைப்பு வேறாக இருந்திருந்தால் இதை இயற்கைக் காட்சி என்று சொல்லிவிட்டு நகர்ந்திருப்பார்கள்.

உன் அம்மாச்சி களையெடுப்புக்குப் போன நாளெல்லாம் உனக்குத் தெரியாது. சாயங்காலம் திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்வாள். விரலிடுக்கில் சேற்றுப்புண் வெளுத்துப் பிளந்திருக்கும். வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்து நான்தான் தடவிவிடுவேன். நூலகத்துப் புத்தகம் ஒன்றில் இந்தப் படத்தைப் பார்த்ததும் அவள் இடுப்புதான் நினைவுக்கு வந்தது. அந்த ஊர்ப் பெண்களுக்கு இதோடு மலேரியாவும் சேர்ந்துகொண்டது. ஆனால் அவர்கள் குனிந்தபடியே இருந்துவிடவில்லை. 1906இல் வெர்செல்லியில் எட்டு மணி நேர வேலை கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். இதை நீ தெரிந்துகொண்டு போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

படம் பெரிதில்லை, ஒண்ணேகால் மீட்டர் அகலம்தான். கிட்டே போய்ப் பார். வண்ணங்களைக் கலக்காமல் நூல் நூலாகப் பக்கத்தில் பக்கத்தில் இழுத்திருப்பார். டிவிஷனிசம் என்பார்கள். கொஞ்சம் பின்னால் வந்தால்தான் அந்தக் கோடுகள் தண்ணீராகத் தெரியும். எந்தெந்த நிறத்தை வைத்து அதைக் கொண்டுவந்திருக்கிறார் என்று பார்த்து எனக்கு எழுது. புத்தக அச்சில் ஒன்றும் தெரியவில்லை.

என்றைக்குத் திறந்திருக்கும் என்று விசாரித்துவிட்டுக் கிளம்பு. அறையில் கூட இருக்கும் பெண்ணையும் அழைத்துப் போ. இருமல் நின்றதா?

அன்புடன்,
அம்மா