குந்திரிக்க எண்ணெய் குடிப்பதற்கல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் வீட்டு வைத்தியப் பகுதியில், மூட்டுவலிக்குக் குந்திரிக்க எண்ணெயை வெந்நீரில் 5 சொட்டு விட்டுக் குடிக்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். இதைத் திருத்தியே ஆக வேண்டும்.

மூட்டுவலிக்கென்று பெரும்பாலும் ஆராயப்பட்டது எண்ணெய் அல்ல, குந்திரிக்க மரப் பிசினின் சாறு. சல்லகி மாத்திரையில் இருப்பதும் அதுதான். வீக்கத்தைக் குறைப்பதாகச் சொல்லப்படும், பிசினிலுள்ள போஸ்வெல்லிக் அமிலங்கள் கனமானவை; ஆவியோடு ஏறி வராது. எண்ணெய் வடிக்கும் கொப்பரையில் பிசினைப் போட்டு நீராவி விட்டால் ஆல்ஃபா பைனீன், லிமோனீன், துஜீன் போன்ற லேசான சரக்குதான் குளிர்குழாய் வழியாக இறங்கித் தண்ணீர்மேல் எண்ணெயாக மிதக்கும். அமிலம் கொப்பரையின் அடியில் கெட்டிப் பிசினோடு தங்கிவிடும். குப்பியில் ‘போஸ்வெல்லிக் அமிலம் நிறைந்தது’ என்று அச்சடித்திருந்தால், ஒன்று விற்பவருக்குச் சரக்கு தெரியவில்லை, இல்லை, தெரிந்தே எழுதுகிறார்.

எண்ணெய் வெந்நீரில் கரையவும் கரையாது. மேலே படலமாக நின்று, முதல் மடக்கிலேயே நீர்க்காமல் உதட்டிலும் தொண்டையிலும் பட்டு எரியும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவில் கொண்டுபோய் விடலாம். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்கக் கூடாது என்பது இதனால்தான். குப்பியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

மேலுக்குத் தடவலாம், ஆனால் நீர்க்க வைத்து. 30 மில்லி நல்லெண்ணெயிலோ தேங்காயெண்ணெயிலோ 12 சொட்டு விட்டால் ஏறக்குறைய 2 சதவீதம். முகத்துக்கு 6 சொட்டே போதும். முதலில் முன்கையின் உட்புறத்தில் ஒரு பொட்டளவு தடவி 2 நாள் பாருங்கள். அரிப்பு, தடிப்பு வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். (தேய்த்தபின் முழங்காலுக்குக் கிடைக்கும் இதத்தில் பெரும்பங்கு தேய்த்த கைக்குத்தான் சேரும்.)

நாள்பட்ட எண்ணெய்க்கு வீரியம் அதிகம் என்று சிலர் வைத்திருந்து தடவுகிறார்கள். நேர்மாறு. பைனீனும் லிமோனீனும் காற்றோடு சேர்ந்து மாறும்போதுதான் தோல் ஒவ்வாமையைக் கிளப்பும் பொருள்கள் உண்டாகின்றன. பாதி காலியான குப்பியில் எண்ணெய் அளவுக்குக் காற்றும் இருக்கும். சின்னக் குப்பிக்கு மாற்றி, இறுக மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். கறுத்த கண்ணாடிக் குப்பிதான் நல்லது. ரப்பர் சொட்டுக்குழாயை மூடியோடு விட்டுவைத்தால் ரப்பர் இளகி எண்ணெயில் கலக்கும். நெடி மாறி, எண்ணெய் கெட்டியாகிப் பிசுபிசுத்தால் உடம்பில் தடவ வேண்டாம்.

வெள்ளைத்தாளில் சொட்டு விட்டுச் சுத்தம் பார்க்கும் வழக்கம் பாதிதான் உதவும். தேங்காயெண்ணெய் கலந்திருந்தால் கறை நிற்கும். டர்பன்டைன் கலந்திருந்தால் அதுவும் ஆவியாகிவிடும், ஏனென்றால் பைன் மரப் பிசினிலிருந்து வரும் அதிலும் பைனீன்தான் பிரதானம். மூக்குக்கும் எளிதில் பிடிபடாது. குப்பியின் தொகுதி எண்ணுக்குரிய (பேட்ச் நம்பர்) ஜிசி-எம்எஸ் பரிசோதனை அறிக்கையை, அதாவது எண்ணெயில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும் ஆய்வக அறிக்கையை, கேட்டு வாங்குவதே வழி.

தூபக்காலில் கங்கின்மேல் இந்த எண்ணெயை ஊற்றவே கூடாது, குப்பென்று பற்றும். தூபத்துக்குப் பிசின் கட்டியே போதும்.

வீட்டு வைத்தியப் பக்கத்தை வெட்டிப் பத்திரப்படுத்தும் வாசகர்கள் பலர். ஆகவே திருத்தத்தை வேறெங்கோ மூலையில் போடாமல் அதே பக்கத்தில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நறுமண எண்ணெய் வடிப்புத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
கோயம்புத்தூர்